துப்பறிவாளருக்காக எடுத்த மீசை

என் அப்பா தன் வாழ்நாளில் மீசையை எடுத்தது ஒரே ஒரு முறைதான். இறந்துபோனவர் எங்களுக்குச் சொந்தமில்லை, ஊர்க்காரரும் இல்லை. சரியாகச் சொன்னால் அவர் பிறக்கவே இல்லை. மாதா மாதம் ஒரு நாவலில் வந்து கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டுப் போகும் துப்பறிவாளர் அவர். அப்படிப்பட்ட ஒருவருக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்த தோட்டம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் நான். இத்தனை வருடம் கழித்துச் சொல்லும்போதும் வெட்கம் ஒன்றும் குறைந்தபாடில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் சாலையில், பாதி ரப்பரும் பாதி செம்பனையுமாக இருந்த தோட்டம் எங்களுடையது. அப்பா அங்கே மண்டோர். விடியும் முன்பே பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கூப்பிட்டு, ரப்பர் பால்வெட்டுக்காரர்களை அவரவர் மர வரிசைக்கு, அதாவது நிரைக்கு அனுப்பி, பிறகு பின்னாலேயே போய் வேலையைப் பார்வையிடுவார். எனக்கு இருபத்தொரு வயது. ரவாங்கில் வானொலிப் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

கோலா சிலாங்கூர் டவுனில் ஒரு மளிகைக்கடை இருந்தது. கடைக்காரர் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த முஸ்லிம். எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். வெங்காய மூட்டைக்கும் நெத்திலிக் கருவாட்டுக்கும் நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, அதில் மாத நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார். கப்பலில் வருவதால் இரண்டு மூன்று மாதம் பிந்தித்தான் வரும். எந்த நாவலைத் திறந்தாலும் நெத்திலி வாசனை அடிக்கும். கொலை நடந்த அறையை விவரிக்கும் இடங்களில் அது பொருத்தமாகவே இருந்தது.

தோட்டத்துக்கு மாதம் ஒரு பிரதிதான் வாங்குவோம். வாசிக்கும் வீடுகளோ ஏழு. ஒரு வீடு முழுவதும் படித்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம் இருந்தபோது, கடைசி வீட்டுக்குப் புத்தகம் போய்ச் சேருவதற்குள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் கொலையாளி யார் என்று தெரிந்து, குழாயடியில் பேசி முடித்திருப்பார்கள். அதில் ஒருமுறை பெரிய சண்டை வந்து, இரண்டு வீடுகள் தீபாவளிப் பலகாரம் கூடக் கொடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். புத்தகத்தின் முதுகில் இருக்கும் கம்பியைக் கழற்றினால் அது பதினாறு பதினாறு பக்கமாகப் பிரிந்து ஏழு பங்காக வரும். திருவிழாவுக்கு வெட்டிய ஆட்டைக் கூறு போடுகிற மாதிரி நாவலையும் கூறு போட்டோம். வீட்டுக்கு ஒரு கூறு. ஒருநாள் வைத்திருந்து படித்துவிட்டு, மறுநாள் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஏழாவது நாள் எல்லோரும் எல்லாக் கூறையும் படித்திருப்பார்கள். சண்டை இல்லை.

ஆனால் எந்த வீட்டுக்கு எந்தக் கூறு முதலில் வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஒருத்தர் ஐந்தாவது கூறில் ஆரம்பித்து நான்காவதில் முடிப்பார். இன்னொருத்தர் முதல் நாளே கல்யாணத்தைப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு ஆறு நாளும் அந்தப் பெண் யாரைக் கட்டுவாள் என்று கவலைப்படுவார். அப்பா மட்டும்தான் ஒழுங்கு பார்ப்பவர். தன்னிடம் வந்த கூறுகளைப் படிக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். பிறகு எல்லாம் சுற்றி முடிந்து ஒன்றாகச் சேரும்போது முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பார். அதுவரை யாராவது கதை பேசினால் எழுந்து போய்விடுவார்.

எங்கள் தோட்டத்து வாசகர்களின் அபிப்பிராயங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். எதிர் லயத்தில் ஓர் அக்கா இருந்தார். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு மாதம் துப்பறியும் நாவல் வராமல் மாயாஜால நாவல் வந்தது. சாபத்தால் கிளியாகிப்போன இளவரசன், ஏழாவது கூறில் மறுபடி மனிதனாகிறான். அக்காவுக்குக் கூறுகள் பின்னாலிருந்து முன்னால் வந்து சேர்ந்தன. படித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பாவம், மனுசனா இருந்து என்னா கஷ்டப்பட்டான். கடைசியில கிளியா மாறி நிம்மதியா பறந்துட்டான்லா. இப்படி ஒரு முடிவு நான் படிச்சதே இல்ல." யாரும் திருத்தவில்லை. எங்களுக்கும் அந்த முடிவுதான் பிடித்திருந்தது.

அம்மாவுக்குக் கதை எதுவானாலும் ஒரே அளவுகோல்தான். "ஏழு கடல் தாண்டிப் போறானே, அவன் துணியை எல்லாம் யாரு தொவைக்கிறது?" என்பார். மந்திரவாதியின் குகையில் அண்டா குண்டா பளபளவென்று இருந்ததாக எழுதியிருந்தால், அந்த மந்திரவாதி நல்லவன்தான், எழுதுகிறவருக்கு ஏதோ பகை என்பது அம்மாவின் முடிவு.

நாவலின் கடைசிப் பக்கம் பெரும்பாலும் பாதி வெற்றாக இருக்கும். அதில் ஒவ்வொருவரும் தங்கள் கருத்தை எழுத வேண்டும் என்பது வழக்கம். அப்பா நிரையைப் பார்வையிட்டு, ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் எழுதிக் கொடுக்கும் அறிக்கை மாதிரியே எழுதுவார். "ஆரம்பம் சுமார். நடுப்பகுதி திருப்தி. முடிவில் கவனக்குறைவு. அடுத்த மாதம் கவனிக்கவும்." கீழே கையெழுத்தும் போடுவார்.

கூறுகள் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பதும் ஒரு சட்டம். அந்தச் சட்டத்தை நான் மீறிக்கொண்டிருந்தேன்.

முதல் முறை தற்செயலாக நடந்தது. பஸ்ஸில் படித்த ஒரு கூறைத் தொழிற்சாலை ஸ்டோரில் மறந்து வைத்துவிட்டேன். மறுநாள் ஸ்டோரில் வேலை செய்த, பத்தாங் காலி ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "கொலையாளி தோட்டக்காரன். ஒன்பதாம் பக்கத்தில் அவன் கையில் மண் இல்லை." எனக்குக் கோபம் வந்தது. நான் இன்னும் இரண்டு கூறு படிக்க வேண்டியிருந்தது. அதன் கீழேயே எழுதினேன்: "கையைக் கழுவியிருக்கலாம்." சாயந்திரத்துக்குள் பதில் வந்தது: "கழுவினால் துண்டு ஈரமாக இருக்கும். துண்டு காய்ந்து கிடக்கிறது, பதினோராம் பக்கம்." அவர் சொன்னதுதான் சரி. அந்தத் துண்டுக்காக நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே அடுத்த கூறைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எட்டு மாதம் இப்படியே போனது. அவர் பென்சிலால் எழுதுவார், நான் பதில் எழுதுவேன், வீட்டுக்கு வருவதற்குள் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிடுவேன். காதல் என்ற வார்த்தை ஒரு முறை கூட வரவில்லை. வந்ததெல்லாம் விஷம், கைரேகை, பொய்சாட்சி. ஆனாலும் அது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். காதல் நாவல் எதுவும் வாங்கி வரக்கூடாது என்று நானாவிடமே சொல்லி வைத்திருந்தவர் என் அப்பா. அவர் கோபத்தில் கத்துகிறவர் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவார். என் சித்தப்பாவோடு பதினோரு வருடமாகப் பேசவில்லை, அதுவும் ஒரு சைக்கிளுக்காக.

அந்த மாதம் நாவல் வந்தபோது அப்பா சுங்கை பெசாரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கூறு போடும் வேலை எனக்கு வந்தது. திங்கட்கிழமை விடிகாலையில் ஆறு கூறுகளை ஆறு வீடுகளுக்குக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு முதலில் அமைந்தது ஏழாவது, கடைசிக் கூறு. அன்றைக்கே பஸ்ஸில் படித்துவிட்டுப் பத்தாங் காலிக்காரரிடம் கொடுத்தேன். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், நாளைக்குக் கண்டிப்பா தந்துடுறேன்" என்றார். நாளைக்கு அவர் வரவில்லை. அவர் ஊர்க்காரப் பெண் ஒருத்தி என் லைனில் வேலை செய்தாள். மத்தியானம் அவள்தான் சொன்னாள். "ஸ்டோர்காரருக்கு அம்மை போட்டிருக்காம். வாசல்ல வேப்பிலை கட்டிட்டாங்க."

அம்மை போட்ட வீட்டிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகாது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை துடைப்பக் குச்சி கூட வெளியே வராது. அவருடைய அம்மா அதில் மிகவும் கண்டிப்பானவர் என்றாள் அந்தப் பெண். ஏழாவது கூறு உள்ளே மாட்டிக்கொண்டது.

சாயந்திரம் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய நேரம். நான் வாசலில் நின்றுகொண்டு, வாயில் வந்ததைச் சொன்னேன். "இந்த மாசம் ஆறு கூறுதான் இருந்திச்சு. எங்க வீட்டுக்கு முதல் நாள் வேணாம்னு நாங்க விட்டுக்கொடுத்துட்டோம்." காகித விலை ஏறிவிட்டது, இனிமேல் எல்லாம் மெலிந்துதான் வரும் என்று நானா ஏற்கெனவே புலம்பிக்கொண்டிருந்ததால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. எதிர் லயத்து அக்கா என் விட்டுக்கொடுக்கும் குணத்தை வாயாரப் புகழ்ந்தார்.

நாவலில் என்ன நடந்தது என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் துப்பறிவாளர் கல்யாணம் ஆகாதவர். பால் விடாத டீ குடிப்பவர். கொலையாளியை நெருங்கும்போது அவருக்குத் தும்மல் வரும். அதுதான் அவருடைய அடையாளம். இந்த முறை எரிந்துகொண்டிருக்கும் ஒரு பஞ்சாலைக்குள் போகிறார். ஆறாவது கூறின் கடைசி வரி: "அந்தப் பெரிய கட்டடம் அப்படியே அவர்மீது சரிந்தது." அந்த இடத்தில் பக்கமும் முடிந்தது, ஒரு முற்றுப்புள்ளியும் இருந்தது. அச்சகத்துக்காரர்கள் அந்த வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியிருந்தால் என் அப்பாவின் மீசை தப்பித்திருக்கும்.

அக்காவுக்கு முதல் நாளே ஆறாவது கூறு. திங்கட்கிழமை துப்பறிவாளர் செத்தார், அக்கா அழுதார். செவ்வாய்க்கிழமை இரண்டாவது கூறில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பார்த்து இன்னும் அதிகமாக அழுதார். "இந்த மனுசனுக்கு இன்னும் நாலு நாள்தான்னு தெரியாம சீனி கம்மியா போடுன்னு சொல்றாரு பாரு" என்றார்.

அப்பா சுங்கை பெசாரிலிருந்து திரும்பி, எல்லாம் ஒன்று சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து வரிசையாகப் படித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து வரவில்லை. அம்மா போய்க் கூப்பிட்டபோது, "அவரு போயிட்டாரு" என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் என்று கேட்டார். அப்பா புத்தகத்தைக் காட்டினார். அம்மா பெருமூச்சு விட்டு, "எரியிற கட்டடத்துக்குள்ள எதுக்குப் போனாராம்? பொம்பள ஒருத்தி வீட்டுல இருந்திருந்தா விட்டிருப்பாளா?" என்றார்.

அந்த வார்த்தைதான் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பிரட்டுக்களத்தில் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பு பேச்சு முழுவதும் இதுதான். அக்கா மட்டும் லேசாக இழுத்தார். "முற்றும்னு போடலையே, மண்டோரே."

"கட்டடமே விழுந்திடுச்சு. அதுக்கு மேல முற்றும்னு வேற போடணுமா?" என்றார் அப்பா.

"கொலையாளி யாருன்னும் சொல்லலையே."

"கண்டுபிடிக்கிறவரே செத்துட்டாரு. யாரு வந்து சொல்றது?"

தோட்டத்துக் கோயில் பூசாரி, அவரும் காலையில் பால்மரம் வெட்டுகிறவர்தான், கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆகாத மனுசன். புள்ள இல்ல குட்டி இல்ல. யாரு காரியம் செய்வாங்க?" அப்பா பெயர்ப்பட்டியலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அன்றைக்கு எல்லோரும் நிரைக்குப் போகப் பத்து நிமிடம் தாமதம். பிறகு, "நான் செய்றேன்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பதினைந்து வருடமாக மாதா மாதம் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒரே விருந்தாளி அந்தத் துப்பறிவாளர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா மண்டோர் என்பதால் தோட்டத்தில் அவரோடு சமமாக உட்கார்ந்து பேச ஆள் கிடையாது. கீழே இருப்பவர்கள் பயப்படுவார்கள். மேலே இருக்கும் கிராணி உட்காரச் சொல்லமாட்டார்.

காரியம் என்றால் நாள் குறிக்க வேண்டும். எந்த நாளிலிருந்து பதினாறு எண்ணுவது என்பதில் கோயில் வாசலில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். நாவல் அச்சான நாளிலிருந்து எண்ணினால் பதினாறாம் நாள் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. நானா கடையில் வாங்கிய நாளிலிருந்து என்றார் ஒருவர். அக்கா தான் படித்த திங்கட்கிழமையே கணக்கு என்றார், முதலில் அழுதது அவர்தானாம். பூசாரி தீர்த்துவைத்தார். தமிழ்நாட்டுச் சொந்த ஊரில் யாராவது இறந்தால் எங்கள் தோட்டத்தில் கடிதம் வந்த நாளிலிருந்துதான் துக்கம் எண்ணுவது வழக்கம். செத்தவர் அங்கே எப்போதோ சாம்பலாகியிருப்பார், இங்கே கடிதத்தைப் பிரித்த நேரத்தில் அடுப்பை அணைப்போம். ஆகவே காரியம் செய்கிறவருக்குச் செய்தி தெரிந்த நாள், அப்பா படித்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் நாள். பதினாறாவது நாள் ஒரு திங்கட்கிழமை, நல்லவேளையாகப் பொது விடுமுறை.

எனக்கு அந்தப் பதினாறு நாளும் நரகம். ஏழாவது கூறை நான் படித்திருந்தேன். அதன் முதல் வரியிலேயே இடிபாடுகளுக்குள்ளிருந்து ஒரு தும்மல் சத்தம் கேட்கிறது. மனிதர் நன்றாக இருக்கிறார். கையில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான். இதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். கூறு எங்கே என்பார்கள். பத்தாங் காலியில் ஒரு வீட்டில், வேப்பிலைக்குப் பின்னால், ஓர் ஆண்பிள்ளையின் தலைமாட்டில் என்று நான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அப்பா என்னோடு பேசப்போவதில்லை. பதினோரு வருடமோ, இருபதோ.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அப்பா, அவரு செத்திருக்க மாட்டாருப்பா" என்றேன்.

"ஏம்மா அப்படிச் சொல்ற?"

"கதைல துப்பறியிறவங்க சாகமாட்டாங்கப்பா."

அப்பா என்னைப் பாவமாகப் பார்த்தார். "நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். மனசு ஒத்துக்காதும்மா. போகப் போகச் சரியாயிடும்." பிறகு என் தலையில் கைவைத்து எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நான் குளியலறைக்குப் போய் அழுதேன். துப்பறிவாளருக்காக அழுவதாக அம்மா நினைத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் வந்தது. படம் வேண்டுமே என்று நாவலின் அட்டையிலிருந்தே துப்பறிவாளரை வெட்டி எடுத்துச் சட்டம் போட்டிருந்தார்கள். அட்டையில் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு பெண் துப்பாக்கியோடு நின்றாள். பெண்ணை வெட்டிவிட்டார்கள், கையை வெட்ட முடியவில்லை. மாலை போட்ட படத்தில் அவருடைய தோள்மேல் வளையல் போட்ட ஒரு கை துப்பாக்கியோடு இருந்தது. பால் விடாத டீ, சீனி கம்மியாக, படத்துக்கு முன்னால் வைத்தார்கள். மிளகுத் தூள் தூவிய எதையும் படைக்க வேண்டாம், அவருக்குத் தும்மல் வரும் என்று அக்கா சொன்னதால் அம்மா வடையில் மிளகு போடவில்லை. அந்த வடையைப் பற்றிய கருத்துகள் நாவலைப் பற்றியதைவிடக் கடுமையாக இருந்தன.

ஆற்றுப் பக்கம் கூட்டம் போனது. முடிதிருத்துகிறவர் டவுனிலிருந்து வந்திருந்தார். காரியம் செய்கிறவர் தலைமுடியும் மீசையும் எடுக்க வேண்டும். அப்பாவுக்குத் தலையில் முடி என்று ஒன்று கிடையாது, முழு வழுக்கை. இருந்ததெல்லாம் அந்த மீசைதான். பிரட்டுக்களத்தில் நூற்றுக்கணக்கான பேரைச் சத்தமே இல்லாமல் வரிசையில் நிறுத்திய மீசை. என் தாத்தா இறந்தபோது கூடப் பெரியப்பா மூத்தவர் என்பதால் அவர்தான் எடுத்துக்கொண்டார். அப்பா கல்லின்மேல் உட்கார்ந்து முகத்தை உயர்த்தினார். முடிதிருத்துகிறவர், "இறந்தவங்க உங்களுக்கு என்னா முறை?" என்று கேட்டார். அப்பா சற்று யோசித்து, "அண்ணன் மாதிரி" என்றார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "அப்பா" என்றேன். கத்தி நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னாம்மா?"

வாய் வரை வந்தது. "தண்ணி வேணுமாப்பா?" என்றேன்.

வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டே இழுப்பில் மீசை போய்விட்டது. அதற்குக் கீழே இருந்த உதடு மெல்லியதாக, வெளுத்துப்போய் இருந்தது. அதை நான் பார்த்ததே இல்லை. என் வாழ்க்கையில் என்னை நான் அவ்வளவு வெறுத்தது அந்த நிமிடத்தில்தான்.

அடுத்த வாரம் அப்பா நானா கடைக்குப் போனார். அங்கே நடந்ததை நானாவே பிறகு டவுன் முழுக்கச் சொல்லிவிட்டார். நானா அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், "யாரு தவறிட்டா மண்டோரே?" என்று கேட்டிருக்கிறார். அப்பா கயிற்றை அண்ணாந்து பார்த்தபடி நின்றாராம். புதிதாக வந்த நாவலின் அட்டையில் துப்பறிவாளர், கையில் டீக் குவளையோடு. "இவருதான்" என்றாராம் அப்பா. நானா அட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், விற்காமல் கிடந்த போன மாதப் பிரதி ஒன்றை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அப்பா அங்கேயே வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து கூறுகளை எண்ணினார். ஏழு இருந்தது. ஏழாவதைப் படிக்காமல் மூடி, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தோட்டத்தில் கொஞ்ச நாள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உயிரோடு இருப்பவருக்குக் காரியம் செய்தது தோஷம் என்று பூசாரி பயந்தார். இறந்ததாக நினைத்தவர் திரும்பி வந்தால் புதிதாகப் பிறந்ததாகக் கணக்கு, தொட்டில் போட்டுப் பெயர் வைக்க வேண்டுமாம். ஆயாக்கொட்டகையிலிருந்து அக்கா ஒரு தொட்டில் கொண்டுவந்தார். புது நாவலை அதில் கிடத்தி, பழைய பெயரையே மூன்று முறை காதில் சொன்னார்கள். காது எது என்று தெரியாததால் அட்டைப்படத்தில் இருந்த காதில் சொன்னார்கள். அப்பா அதற்கு வரவில்லை.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு கூறு என்று சொன்னது யார் என்பது தோட்டத்துக்கே தெரியும். வீட்டில் எல்லோரோடும் பேசினார், என்னோடும் பேசினார். சாப்பிட்டாயா, பஸ் வந்துவிட்டதா, குடை எடுத்துக்கொள். ஆனால் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் விரல் தானாக மேலுதட்டுக்குப் போகும், அங்கே ஒன்றும் இல்லாததைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கும்.

அந்தச் சமயத்தில்தான் பத்தாங் காலிக்காரர் வேலைக்குத் திரும்பினார். முகமெல்லாம் தழும்பு, பத்துக் கிலோ இளைப்பு. மஞ்சளும் வேப்பிலையும் மணக்க ஏழாவது கூறைக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். இந்த முறை பென்சில் இல்லை, நீல மை. "கொலையாளியை நான் எதிர்பார்த்தேன். துப்பறிவாளர் தும்மிப் பிழைத்தது நம்பும்படி இல்லை. இவருக்கு இந்தக் கதையிலும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று காய்ச்சலில் படுத்தபடி நினைத்தேன். உங்கள் அப்பாவிடம் நான் எப்போது வந்து பேசலாம்?"

"மையில எழுதிட்டீங்களே, எப்படி அழிக்கிறது?" என்றேன்.

"அழிக்க வேணாம்னுதான்" என்றார்.

அன்று ராத்திரி முழுக்க அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். காலையில் அப்பா பிரட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, அவருடைய நாற்காலியில், கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே ஏழாவது கூறை வைத்துவிட்டு பஸ் ஏறினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த உதட்டை இன்னொரு நாள் என்னால் பார்க்க முடியாது. அன்றைக்கு நான் சேர்த்த வானொலிப் பெட்டிகளில் ஒன்று கூடப் பேசவில்லை, எல்லாம் திரும்பி வந்தன.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அப்பா வெளியே வாழைமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்தே, "உன் அப்பா உன் புத்தகத்துல ஏதோ எழுதிட்டு இருந்தாரு, போயி பாரு" என்றார். ஏழாவது கூறு என் படுக்கைமேல் இருந்தது. நீல மைக்குக் கீழே, நிரை அறிக்கை எழுதும் அதே சாய்ந்த எழுத்தில் அப்பாவின் கருத்து.

"துப்பறிவாளர் பிழைத்தது திருப்தி. தும்மல் நம்பும்படியாகவே உள்ளது. மேலே எழுதியிருப்பவரின் கையெழுத்து சுமார், கருத்து நேர்மையானது. மகள் மறைத்தது தவறு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோதே சந்தேகம் வந்தது. ஆளை வீட்டுக்கு வரச் சொல்லவும். உடனே வேண்டாம். மீசை வளர்ந்த பிறகு வரட்டும்."

கீழே கையெழுத்து.

அப்பாவின் மீசை பழைய நிலைக்கு வர ஒன்பது வாரம் ஆனது. அந்த ஒன்பது வாரமும் தினமும் காலையில் பஸ் ஏறுவதற்கு முன்பு, அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனேன்.